மண்ணைப் பார்த்து வண்டியைத் தயார் செய்யுங்கள்: ஃபோர் பை ஃபோர் வாங்குவது முதல் சேற்றிலிருந்து மீள்வது வரை

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே வண்டி ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. சுமார் 12 கிலோமீட்டர் கல்பாதை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அந்தப் பாதையில் தினமும் ஓடுகிற ஜீப்புகளைக் குனிந்து பாருங்கள். உயர்த்திய சஸ்பென்ஷன் இல்லை, கூரையில் வரிசையாக விளக்கு இல்லை. நல்ல நிலையில் நான்கு டயர், லோ கியர், பாதையை விட்டு விலகாத ஓட்டுநரின் கண். அவ்வளவுதான். முன் சீட்டில் உட்கார்ந்து அவர்களின் காலைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும்: கல் ஏறும்போது கிளட்ச் மேல் கால் இருக்காது.

புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மாற்றலாம்?" என்பது. முதலில் டயர், அடுத்து காற்று, அடுத்து இழுக்கும் கயிறு, அதன்பிறகு உங்கள் ஊர் மண் கேட்பதை மட்டும் என்றுதான் சொல்வேன். இந்த வரிசையை மாற்றியவர்கள் இரண்டு லட்சம் செலவழித்துவிட்டு முதல் மழையிலேயே நடுக்காட்டில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

படி 1: எந்த வண்டி?

மஹிந்திரா தார் என்றாலே நான்கு சக்கரமும் இழுக்கும் என்று நினைத்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். 2020-இல் வந்த தாரில் 2023 முதல் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ரகமும் விற்கிறது. 2024-இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸில் பெட்ரோல் எடுத்தால் பின் சக்கர இழுவை மட்டும்தான். ஃபோர் பை ஃபோர் வேண்டுமென்றால் டீசல் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் எளிதில் தெரியாது. உள்ளே கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே பில்லில் ரகத்தின் முழுப் பெயரைப் படித்துப் பாருங்கள்.

மாருதி ஜிம்னி எடை குறைவு, சுமார் 1,200 கிலோ. மணலிலும் சேற்றிலும் இதைவிடப் பெரிய வரம் இல்லை. கனமான வண்டி புதைகிற இடத்தில் அது மேலாகவே போய்விடும். சிக்கினாலும் நான்கு பேர் தள்ளினால் நகரும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலுக்கும் (ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) பூட்டு தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. காற்றை மேலிருந்து எடுக்கும் ஸ்நார்க்கலும் அப்படியே. இதற்கு ஒரு நன்மை உண்டு, சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது புரியும். தார் இரண்டுக்கும் நடுவில்: 226 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி), 650 மில்லிமீட்டர் தண்ணீர் ஆழம் வரை இறங்கலாம் என்கிறது நிறுவனம்.

பழைய ஜிப்ஸிதான் வேண்டும் என்பவர்களை நான் தடுக்க மாட்டேன். 1985-இல் வந்து முப்பது வருடத்துக்கு மேல் விற்ற வண்டி; பிரிக்கவும் மாட்டவும் தெரிந்த மெக்கானிக் இன்னும் இருக்கிறார்கள். வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், அடியில் படுங்கள். சேசிஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) வெல்டிங் போட்ட தழும்பு, ஸ்பிரிங் தாங்கும் இடத்தில் துரு, முன் சக்கர உள்பக்கம் கிரீஸ் வழிந்த கறை ஆகிய மூன்றும் செலவைக் காட்டிக் கொடுக்கும். அப்புறம் புழுதியான இடத்துக்கு ஓட்டிப் போய் 4எல் (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை) போட்டு, நண்பரை வெளியே நிறுத்தி, முன் சக்கரம் உண்மையில் மண்ணைப் பறிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லீவர் விழுகிறது, ஆனால் முன் சக்கரம் இழுக்கவில்லை என்கிற வண்டிகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன.

படி 2: இரண்டாவது லீவரைப் புரிந்துகொள்ளுங்கள்

2எச் என்பது இரண்டு சக்கர இழுவை, அன்றாட ரோட்டுக்கு. 4எச் என்பது நான்கு சக்கர இழுவை, வழுக்கும் மண்ணுக்கும் ஈரச் சரளைக்கும். காய்ந்த ரோட்டில் 4எச் போட்டு வளைக்கக் கூடாது. இந்த வண்டிகளில் முன், பின் அச்சுகள் இறுகச் சேர்ந்துவிடும். வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும், அதற்கு இடம் கிடைக்காமல் கியர்கள் முறுக்கிக்கொள்ளும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விடுவித்துவிடும், ரோட்டில் வழியில்லை.

4எல் என்பது மெதுவாக, பலமாக. செங்குத்தான இறக்கத்தில் 4எல் முதல் கியர் போட்டு, இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். இதை ஒரு சின்ன மேட்டில் பத்துத் தடவை பழகுங்கள். மனம் நம்பும் வரைக்கும் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

ஃபோர் பை ஃபோர் என்றால் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் என்பதும் சரியில்லை. சாதாரண டிஃபரன்ஷியல், பிடிப்பில்லாத சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொடுத்துவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று அந்தரத்தில் நின்றால், அவை இரண்டும் சும்மா சுற்ற, மண்ணில் நிற்கும் இரண்டும் அசையாது. இதற்காகத்தான் டிஃபரன்ஷியல் பூட்டு. ஜிம்னியில் அதற்குப் பதிலாக, சுற்றும் சக்கரத்தைப் பிரேக் தானாகப் பிடிக்கும். அந்த ஏற்பாடு வேலை செய்ய, ஆக்சிலரேட்டரை விட்டுவிடாமல் ஒரே அளவில் ஓரிரு நொடி பிடித்திருக்க வேண்டும். பலர் அதற்குள் காலை எடுத்துவிட்டு "இழுக்கவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

படி 3: செலவு செய்யும் வரிசை

டயர். ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் ரகம் பத்தில் ஒன்பது பேருக்குப் போதும். பெரிய கட்டைகள் கொண்ட மட்-டெரெய்ன் சேற்றில் அருமையாகக் கடிக்கும். ஆனால் மழை நாளில் நான்கு வழிச் சாலையில் பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கும். வாரம் ஐந்து நாள் அலுவலகம் போகிற வண்டிக்கு அது வேண்டாம். அளவை மாற்றாமல், பக்கச் சுவர் பலமான டயராகப் பாருங்கள். நம் தென் மாவட்டங்களில் டயரின் முதல் எதிரி சீமைக்கருவேல முள். ஓடுதளத்தில் ஏறினால் ட்யூப்லெஸ் பஞ்சர் கிட்டால் ஐந்து நிமிடத்தில் அடைக்கலாம். பக்கச் சுவரில் ஏறினால் ஸ்டெப்னிதான். ஸ்டெப்னியும் மற்ற நான்கைப் போலவே முழு டயராக இருக்கட்டும்.

காற்று. ஒரு நல்ல காற்றழுத்தமானியும், பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் சின்ன கம்ப்ரசரும். இந்தச் சில ஆயிரம் ரூபாய் செய்யும் வேலையை லட்ச ரூபாய் சஸ்பென்ஷன் செய்யாது. காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் பரந்து, எடையை அதிக இடத்தில் இறக்கி வைக்கிறது. கல்பாதைக்கு 22 முதல் 25 பி.எஸ்.ஐ., சேற்றுக்கு 20 ஒட்டி, மணலுக்கு 15 முதல் 18. பதினைந்துக்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழலும் ஆபத்து உண்டு. குறைத்த காற்றோடு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக வேண்டாம். ரோட்டுக்கு ஏறியதும் முதல் வேலை திரும்ப நிரப்புவது.

மூன்றாவது, மீட்புச் சாமான். நீளும் தன்மையுள்ள கைனடிக் கயிறு, 4.75 டன் தாங்கும் என்று பொறித்த இரண்டு ஷேக்கிள் (கயிற்றை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையம்), மண்வெட்டி, கனமான கையுறை, ஒரு அடிக்கு ஒரு அடி தடித்த மரப்பலகை (ஜாக்கி மண்ணில் புதையாமல் இருக்க), டயருக்கு அடியில் செருகும் பிளாஸ்டிக் பலகை இரண்டு. கயிறு மாட்டும் கொக்கி சேசிஸோடு போல்ட் போட்டதாக இருக்க வேண்டும். லாரியில் ஏற்றும்போது வண்டியைக் கட்டிவைக்க மட்டும் கொடுத்த மெல்லிய வளையமும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். இழுத்தால் பிய்ந்து வரும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் கயிறு மாட்டாதீர்கள். அது உடைந்தால் கயிற்றின் வேகத்தோடு பீரங்கிக் குண்டாகப் பறக்கும். உலகத்தில் பல இடங்களில் அப்படி உயிர் போயிருக்கிறது.

நான்காவது, கவசம். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் அடியில் தடித்த இரும்புத் தகடு. கூடவே யாரும் பேசாத ஒரு சின்ன வேலை: அச்சுகளில் இருக்கும் மூச்சுக்குழாயை நீட்டி, எஞ்சின் அறையின் மேல் பகுதிவரை கொண்டுவருவது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே உறிஞ்சும். கொஞ்சம் ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும் போட்டால் தடுத்துவிடலாம். என் வண்டியில் செய்த மாற்றங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: முதல் ஒரு வருடம் வேண்டாம். உயர்ந்தால் வண்டியின் எடை மையமும் மேலே போகும், பக்கச் சாய்வில் கவிழ்வது எளிதாகும், அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதன் கிராஸ் (வளைந்து கொடுக்கும் இணைப்பு) சீக்கிரம் தேயும். வடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச்சும் அப்படித்தான். தனியாகப் போகிறவருக்கு அது தேவை. ஆனால் தனியாகப் போகாமல் இருப்பது அதைவிட நல்லது. போட்டே ஆக வேண்டும் என்றால், சுமையோடு சேர்ந்த வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் பாருங்கள்.

படி 4: சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். முன்னால் மாட்டும் இரும்பு புல் பார் சட்டவிரோதம் என்று மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

எனவே நிறுவனமே பொருத்தித் தரும் பூட்டும் ஸ்நார்க்கலும் ஏன் மதிப்புள்ளவை என்று இப்போது புரியும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் முதலில் பார்ப்பது, வெளியே செய்த மாற்றம் ஏதும் உண்டா என்பதைத்தான். டயர் ரகம், காற்று, கயிறு, மண்வெட்டி இவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

எங்கே ஓட்டுவது என்பதும் சட்டம்தான். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரியும் காப்புக்காடுதான். அந்தச் செம்மணல் மேடுகளைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு உள்ளே போய்விடாதீர்கள். கடற்கரையும் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணல் அது. தனுஷ்கோடிக்கு ஒரு காலத்தில் மணலில்தான் வண்டிகள் போயின. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டது. பட்டா நிலத்தில், சொந்தக்காரரிடம் கேட்டு, பயிர் இல்லாத காலத்தில் பழகுங்கள்.

படி 5: மண்ணைப் படியுங்கள்

செம்மண் நனைந்தால் மேல்தோல் மட்டும் வழுக்கும். அடியில் உறுதி இருக்கும். காற்றைக் குறைத்து, ஒரே வேகத்தில் போனால் போதும்.

கண்மாய்ப் படுகை ஏமாற்றும். மேலே வெடித்துப் பொருக்குத் தட்டி, கால் வைத்தால் கல் மாதிரி இருக்கும். ஒரு முழத்துக்குக் கீழே சேறு. வண்டி இறங்குமுன் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். அழுத்தாமலேயே உள்ளே போனால் திரும்பிவிடுங்கள். ஆட்டுக் குளம்புத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தாலும் அதே அர்த்தம்தான்.

மணலில் நிற்கக் கூடாது. நிற்க வேண்டுமென்றால் பிரேக் போடாமல், இறக்கம் பார்த்து உருண்டு நில்லுங்கள். பிரேக் போட்டால் டயருக்கு முன்னால் சின்ன மேடு குவிந்து, கிளம்பும்போது அதுவே தடுக்கும்.

கரிசல் எல்லாவற்றுக்கும் மேல். காய்ந்தால் கை போகும் அளவு வெடிக்கும், நனைந்தால் ஊதி இளகும். டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு ஒரே சுற்றில் அதை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். பிறகு எந்த விலை டயரும் ஒன்றுதான். மழை நின்று குறைந்தது இரண்டு நல்ல வெயில் அடிக்காமல் கரிசலில் இறங்காதீர்கள்.

படி 6: சிக்கிவிட்டால்

கோவில்பட்டிக்குக் கிழக்கே, ஐப்பசி மழை விட்ட மறுநாள், ஒரு வண்டிப்பாதையில் இறங்கினேன். இரண்டு பக்கமும் உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. நூறு அடிகூடப் போகவில்லை. பின் இடது சக்கரம் வழுக்க ஆரம்பித்ததும் காலை அழுத்தினேன். பத்து நொடிக்குள் அச்சு தரை தட்டிவிட்டது. வரப்பில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் கையைக் காட்டிக்கொண்டே வந்தார்.

"தம்பி, மொதல்ல வண்டிய அணைங்க. இன்னும் மிதிச்சா கெணறு வெட்டுன மாதிரி எறங்கிரும்."

"டிராக்டர் ஏதும் கிடைக்குமா அண்ணாச்சி?"

"அதுவும் சேந்து எறங்கும். மம்பட்டி வச்சிருக்கீகளா?"

வைத்திருந்தேன். அவர் சக்கரத்தை விட்டுவிட்டு முதலில் அடியில் கை விட்டுப் பார்த்தார். அச்சுக்கும் தகட்டுக்கும் அடியில் இருந்த சேற்றை வழித்தெடுக்கச் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால், வந்த வழியை நோக்கி, மூன்றடி நீளத்துக்குச் சரிவாக வாய்க்கால் வெட்டினார். டயர் கட்டைகளுக்கு நடுவில் அப்பியிருந்ததை ஒரு குச்சியால் நோண்டி எடுத்தார். படப்பிலிருந்து காய்ந்த சோளத்தட்டையை இரண்டு கட்டு உருவிவந்து, சரிவில் குறுக்காகப் பரப்பினார். காற்றை 18-க்கு இறக்கினேன். 4எல், ரிவர்ஸ், கிளட்சை முழுதாக விட்டுவிட்டு எஞ்சின் தானாக ஓடும் வேகத்தில் பின்னால் வந்தது. மொத்தம் ஒன்றரை மணி நேரம். இழுப்பதற்கு வேறு வண்டியே தேவைப்படவில்லை.

அன்றைக்கு அவர் செய்த அதே வரிசையைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன். சக்கரம் சுற்றி, வண்டி நகரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். இறங்கிப் பாருங்கள்: எந்தச் சக்கரம் பிடிப்பை இழந்தது, வயிறு தரையில் தட்டியிருக்கிறதா? பெரும்பாலும் வந்த வழிதான் வெளியேறும் வழி. அங்கே மண் ஏற்கெனவே அழுந்தியிருக்கும். காற்றை இறக்குங்கள், அடியில் தோண்டுங்கள், சரிவு வெட்டுங்கள், டயருக்குக் கீழே எதையாவது கொடுங்கள். தேரிப் பக்கம் பனை ஓலை நன்றாக உதவும். மட்டையின் கருக்கு கையை அறுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பலகை வைத்தால் டயரோடு ஒட்டச் செருகி மெதுவாக ஏற்றுங்கள். சுற்றவிட்டால் அதன் பற்கள் உருகிவிடும்.

இதற்கும் வரவில்லை என்றால் கயிறு. இழுக்கும் வண்டி கெட்டியான தரையில், முடிந்தவரை நேர்கோட்டில் நிற்கட்டும். கைனடிக் கயிற்றில் ஒன்றிரண்டு மீட்டர் தளர்வு விட்டு, மெதுவாகக் கிளம்பினால் போதும். கயிறு நீண்டு, சுருங்கி, வண்டியைத் தூக்கிவரும். சிக்கிய வண்டியும் 4எல் போட்டு மெல்ல உதவட்டும். சாதாரண டோயிங் பெல்ட் நீளாது, அதை வைத்து ஓடிவந்து இழுத்தால் ஏதாவது ஒன்று உடையும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கையோ கனமான போர்வையையோ போட்டுவிடுங்கள். அறுந்தால் அதன் வேகத்தைக் கொஞ்சம் அடக்கும். ஓட்டுநர்கள் தவிர யாரும் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் நிற்கக் கூடாது. செல்போனில் படம் எடுப்பவரையும் விரட்டுங்கள். சைகை காட்ட ஒரே ஆள், எல்லோரும் கத்தக் கூடாது.

மரத்தில் வின்ச் கட்டினால் அகலமான பெல்ட்டை, வேருக்குப் பக்கத்தில் தாழ்வாகக் கட்டுங்கள். கம்பி வடம் பட்டையை அறுத்து மரத்தைக் கொன்றுவிடும். கரிசல் காட்டில் மரமே இருக்காது. அப்போது ஸ்டெப்னியை, அது முழுதும் மறையும் ஆழக் குழியில் நிறுத்திப் புதைத்து, அதையே நங்கூரமாக்கலாம்.

வெளியே வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் தோண்டிய குழியை மூடுங்கள். மூடாத டயர் தடம் அடுத்த மழையில் ஓடையாகி, யாருடைய நிலத்தையோ அரிக்கும்.

படி 7: தண்ணீர்

முதலில் நடந்து கடந்து பாருங்கள். ஓட்டத்தில் உங்களால் நிற்க முடியவில்லை என்றால் வண்டியும் போகக் கூடாது. 4எல், முதல் அல்லது இரண்டாம் கியர், நடை வேகம். வண்டிக்கு முன்னால் ஒரு அலை உருவாகும், அந்த அலையை ஒட்டியே போங்கள். நடுவில் கியர் மாற்ற வேண்டாம்.

எஞ்சின் தண்ணீருக்குள் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் அதை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கயிறு போட்டு வெளியே இழுங்கள், ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் மெக்கானிக் வந்து பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றும் வரை சாவியைத் தொடாதீர்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே கழுவுங்கள். கரிசல் காய்ந்தால் செங்கல். ரிம்மின் உள்பக்கம் ஒரு கை அளவு ஒட்டியிருந்தாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பலர் அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு அப்புறம்தான் மண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். பிரேக் டிரம்முக்குள் மணல், ரேடியேட்டர் இடுக்கில் புல் விதை, அடித்தகட்டுக்கு மேல் தங்கிய சேறு இவையும் கவனிக்க வேண்டியவை. ஷாஃப்ட் கிராஸ்களுக்கு கிரீஸ் அடியுங்கள்.

தண்ணீரில் இறங்கியிருந்தால், வண்டி ஓர் இரவு நின்ற பிறகு டிஃபரன்ஷியலின் வடிகால் நட்டைத் தளர்த்திச் சில சொட்டு எண்ணெய் பிடித்துப் பாருங்கள். கருப்பாகவோ தேன் நிறமாகவோ இருந்தால் நட்டை இறுக்கிவிடலாம். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முழுதும் வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, 200 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை அதே சொட்டைப் பிடித்துப் பாருங்கள்.